தணலும் வாயுவும்

முப்பது வருஷமாகக் கனடாவிலே வாழும் என் தம்பி சென்ற ஆவணியில் ஊருக்கு வந்தான். வந்த மூன்றாம் நாளே என்னை ஒரு வழக்குக்கு நடுவனாக்கிவிட்டான். ஊரிலே அவன் புதிதாகக் கட்டிய வீட்டின் பின்வளவில், மாமர நிழலில், மீனும் இறைச்சியும் சுடுவதற்கு ஓர் அடுப்பு வைக்கவேண்டும். அது கரியடுப்பா, எரிவாயு அடுப்பா என்பதே வழக்கு. அவன் வாயுவின் பக்கம். ரொறன்ரோவிலே பிறந்து வளர்ந்த அவன் மூத்த மகன் கரியின் பக்கம். தந்தையும் மைந்தனும் இரண்டு நாளாக வாதிட்டு முடிவு காணாமல் என்னிடம் வந்தனர்.

மீனையும் இறைச்சியையும் தீண்டாத ஒருவனை இவ்வழக்குக்கு நடுவனாக்குவது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் சாப்பிடாதபடியால்தான் ஒரு பக்கமும் சாயமாட்டியள்" என்றான் தம்பி.

தர்க்கத்திலே பிழை காண முடியவில்லை. நாவல் மரத்தின் மேலிருந்து ஔவையாரை மடக்கிய சிறுவனின் கதை நினைவுக்கு வந்தது. அவன் கேட்டது சுட்டதா, சுடாததா என்பது. இங்கே சுடுவது என்று முடிவாகிவிட்டது. எதிலே சுடுவது என்பதுதான் மிச்சம்.

பண்டிதனிடம் வழக்கைக் கொண்டுவந்தால் அவன் முதலிலே சொல்லைத்தான் பிடிப்பான். பாபிக்கியூ என்பதை ஆங்கிலச் சொல் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது ஆங்கிலேயர் கடன் வாங்கிய சொல். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து 16ஆம் நூற்றாண்டிலே ஸ்பானியர் அதனைப் 'பார்பக்கோவா' எனக் கேட்டு எழுதிக்கொண்டனர். நான்கு கால் நட்டு, மேலே தடிகளைப் பரப்பிக் கட்டிய மேடைக்கு அது பெயர். கீழே நெருப்பிட்டு மேலே மீனை வைத்துச் சுடுவர். அத்தகைய மேடையிலே தானியம் சேமிப்பதும் படுத்துறங்குவதும் உண்டு. நம்மவர் தினைப்புனத்திலே கட்டிய பரண் கண்முன்னே வருகின்றதன்றோ? ஆகவே இதனைப் பரணடுப்பு என்று வழங்கலாமே என்றேன். பெறாமகன் மரியாதையாகச் சிரித்தான்.

செயல் நமக்குப் புதிதன்று. கரிகாற் பெருவளத்தானைப் பாடிய பொருநராற்றுப்படையிலே, இருப்புக் கம்பியிற் கோத்துச் சுட்ட ஊன்துண்டத்தின் சூடு பொறுக்கமாட்டாமல், அதனை வாயின் இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்ற பொருநன் ஒருவனைக் காண்கின்றோம். அக்கம்பிக்குக் காழ் என்று பெயர். ஊன் உண்ணாத நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அப்பகுதியை வகுப்பிலே சுவைத்துச் சுவைத்துப் படிப்பித்து வருகின்றேன். மாணாக்கர் சிலர் அப்பொழுது உமிழ்நீர் விழுங்குவதையும் கண்டிருக்கின்றேன்.

சமையல் வினைகளை வேறுபடுத்துவதிலே தமிழ் நுட்பமானது. நீரிலே கிடந்து வேவது அவிதல். எண்ணெயிலே வேவது பொரிதல். சட்டியிலே புரட்டிப் புரட்டிச் செய்வது வறுத்தல். சுடுதலிலே நீரும் இல்லை, எண்ணெயும் பெயரளவில்தான். ஆயினும் பனங்கிழங்கையும் சுடுகின்றோம், தோசையையும் சுடுகின்றோம். பனங்கிழங்கு தணலை நேரே காண்கின்றது; தோசைக்கும் நெருப்புக்கும் இடையே கல் நிற்கின்றது. இந்த வேறுபாட்டை நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது என்பது பின்னர் விளங்கிற்று.

எங்கள் ஒழுங்கையிலே ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். மாலையிலே கதைக்க வருவார். வழக்கை அவர் முன்னும் வைத்தோம். தம்பி, "சேர், கரியிலே சுட்டால் வரும் அந்த வாசம் காஸிலே வராது என்கிறான் இவன்" என்று தொடங்கினான்.

"கரிக்கு என்ன வாசம்?" என்றார் ஆசிரியர்.

ஒருவரும் விடை சொல்லவில்லை. அவர் விளக்கினார். விறகைக் காற்றுப் போதாத இடத்திலே வைத்துச் சூடேற்றினால், அதிலுள்ள நீரும் புகையும் தாரும் முதலிலே வெளியேறிவிடும். எஞ்சுவது பெரும்பாலும் காபன். அதுவே கரி. மணத்துக்கும் புகைக்கும் காரணமானவையெல்லாம் கரிச்சூளையிலேயே கழிந்துவிட்டமையால், நன்றாகப் பிடித்த கரி ஏறக்குறையப் புகையின்றியும் மணமின்றியும் எரியும். அப்படியானால் சுட்ட ஊனின் மணம் எங்கிருந்து வருகின்றது? மேலே உள்ள துண்டத்திலிருந்து கொழுப்பும் சாறும் சொட்டுச் சொட்டாகத் தணலிலே விழுகின்றன. விழுந்த துளி எரிந்து ஆவியாகி மேலெழுந்து அத்துண்டத்தையே மீண்டும் சென்று பற்றுகின்றது. மற்றொன்று, ஊனின் மேற்புறம் நீர் வற்றி, 140 பாகை அளவிலே சிவந்து முறுகும்போது பிறக்கும் மணம். 1912ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயனர் மையார் என்பவர் ஆராய்ந்து வெளியிட்ட தாக்கம் அது. பாணில் கருஞ்சிவப்பான மேலோடு மணப்பதும், கோப்பிக் கொட்டை வறுபடும்போது மணப்பதும் பெரும்பாலும் இதனாலேயே. இவ்விரண்டும் கரிக்கு மாத்திரம் உரியனவல்ல.

வாயுவடுப்புச் செய்வோரும் இதனை அறிந்தே செய்கின்றனர். பழைய வாயுவடுப்புகளிலே சுடருக்கு மேலே எரிமலைக் கற்களைப் பரப்பியிருப்பார்களாம், விழும் துளி அவற்றிலே பட்டுப் புகைவதற்காக. கொழுப்பு அக்கற்களிலே ஊறித் தீப்பற்றுவது தொல்லையாயிற்று. 1985இல் வெபர் என்னும் நிறுவனம் கற்களை நீக்கி, கூரை போலச் சரிந்த உருக்குத் தகடுகளை அமைத்தது. சுடர் தகட்டைச் சுடவைக்கின்றது. தகடு துளியைப் புகைக்கின்றது. தோசைக்கல் என்று நான் சொன்னது இதனைத்தான்.

"அப்ப வித்தியாசம் ஒன்றுமே இல்லையோ, சேர்?" என்று பெறாமகன் முகம் வாடிக் கேட்டான்.

உண்டு என்றார் அவர். தணலின் மேற்பரப்பு 600, 700 பாகை வரை சூடாகி நின்று, வெயில் போலக் கதிராகவே வெப்பத்தை வீசும். அதனால் மேற்புறம் விரைவிலே வற்றி முறுகும். வாயுச்சுடர் தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சூடான காற்றாகவே அனுப்புகின்றது. அக்காற்று ஈரமானது. புரோப்பேன் வாயுவிலே ஐதரசன் உண்டு. அது எரியும்போது நீராகின்றது. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ அளவு நீராவி உண்டாகும். கரியிலே ஐதரசன் மிகக் குறைவு. ஆகவே அதன் வெப்பம் உலர்ந்த வெப்பம். முறுகலை விரும்புவோர் கரியை விரும்புவதற்கு இக்காரணம் போதும். மணத்தைக் காரணம் காட்டவேண்டியதில்லை.

இந்த இடத்திலே பெறாமகன் சொன்ன ஒரு சொல் என்னைத் திடுக்கிடச் செய்தது. கரியை மூட்டியவுடன் அதிலே ஒன்றும் வைக்கக்கூடாதாம். "கறுப்புப் போய், மேலே சாம்பல் நிறமாய் ஒரு பொடி மூடவேணும், பெரியப்பா. அதுக்குப் பிறகுதான் வைக்கலாம். அதுதான் நல்ல சூடு" என்றான்.

நீறுபூத்த நெருப்பு! அடங்கியிருக்கும் சினத்துக்கும், வெளிக்காட்டாத புலமைக்கும் உவமையாக அத்தொடரை எத்தனை வருஷமாக எழுதியும் பேசியும் வருகின்றேன். அவிந்ததுபோலத் தோன்றினும் உள்ளே சூடுண்டு என்பதே நான் சொல்லும் விளக்கம். அந்த நிலையிலேதான் தணல் சமையலுக்குப் பதமாகின்றது என்பதைத் தமிழெழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் அன்று கற்றேன். உவமை செய்த முன்னோர் அடுப்பங்கரையிலே நின்றுதான் செய்திருக்கின்றனர்.

கரிக்கு வேண்டியது நேரம். மூட்டியதிலிருந்து பதம் வருவதற்கு இருபது முதல் முப்பது நிமிஷம் செல்லும். நம்மவர் அவசரத்திலே மண்ணெண்ணெயை ஊற்றுகின்றனர். அந்த நாற்றம் உணவிலே ஏறும், எரிகின்ற கரியிலே ஊற்றினால் கையையும் முகத்தையும் சுடும். அடியிலே துளைகளுள்ள தகரக் குழாய் ஒன்றிலே கரியை நிரப்பி, கீழே பன்னாடையையோ கடதாசியையோ வைத்துக் கொளுத்தினால் போதும். காற்று தானாகவே மேலே இழுபட்டுக் கரி பற்றிக்கொள்ளும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் கரியடுப்பிலே திருகு இல்லை, காற்றுத்துளைதான் திருகு. 1952இல் சிக்காகோவை அடுத்த ஓர் உலோக வேலைத்தலத்திலே தொழில் செய்த ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், கடலிலே மிதக்கவிடும் உலோக மிதவையைப் பாதியாக்கி, அதற்கு ஒரு மூடியும் காற்றுத்துளையும் அமைத்தார். இன்றைக்கும் உலகெங்கும் விற்கும் குண்டுக் கரியடுப்பு அதன் வழிவந்ததுதான். துளையை ஒடுக்கினால் தணல் அடங்கும். முழுவதும் மூடினால் அவிந்து, எஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும்.

கரி எங்கிருந்து வருகின்றது என்பதையும் கேட்கவேண்டும். மரபுமுறைச் சூளையிலே நாலைந்து கிலோ விறகு எரிந்தாற்றான் ஒரு கிலோ கரி கிடைக்கும். எந்த மரம் எந்தக் காட்டிலே வெட்டப்பட்டது என்பதைச் சாக்கு சொல்லாது. நமக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை, சிரட்டை இருக்கின்றது. சிரட்டைக்கரி சூடு மிக்கது, சாம்பல் குறைந்தது. நீரைச் சுத்திகரிக்கவும் தாதுவிலிருந்து பொன்னைப் பிரிக்கவும் உதவும் கரிகூட இலங்கைச் சிரட்டையிலிருந்து செய்து ஏற்றுமதியாகின்றது. என் சிறுவயதிலே ஊமற்கரியாற் பல் விளக்கினோம். சிரட்டைக்கரியை ஸ்திரிக்கைப் பெட்டியிலே இட்டுச் சால்வை மினுக்கினோம். இப்பொழுது அதே கரி கடதாசிப் பெட்டியிலே அடைபட்டு அயல்நாட்டுக் கடைகளிலே விற்கின்றதாம். தம்பி அங்கே அதனை விலைகொடுத்து வாங்கியிருக்கின்றான். இதனைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாயிருந்தது.

இனி வாயு. தம்பி அதனைப் பற்றிச் சொன்னதெல்லாம் நியாயமே. வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும் ஒருவன், திருகைத் திருப்பினால் பத்து நிமிஷத்திலே சூடான அடுப்பைக் காண்கின்றான். ஒரு பக்கத்திலே சுடர் பெரிதாகவும் மறுபக்கத்திலே சிறிதாகவும் வைக்கலாம். சாம்பல் அள்ளும் வேலையில்லை. ஒரு கிலோ வாயுவிலே அடங்கிய வெப்பம் 46 மெகாயூல். ஒரு கிலோ நல்ல கரியிலே ஏறக்குறைய 30. பனிக்காலத்திலும் அவன் முற்றத்திலே நின்று சுடுவானாம். அது எவ்வாறு இயலும் என்று கேட்டேன். ஆசிரியர் சொன்னார்: புரோப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதித்து வாயுவாகும், பியூட்டேன் சுழியத்தை அண்மித்தவுடன் அடங்கிவிடும். கனடாவிலே இவ்வடுப்புக்கு விற்பது புரோப்பேன். நம் நாட்டுச் சிலிண்டரிலே உள்ளது இரண்டின் கலவை. இணைக்கும் மூட்டும் ரெகுலேற்றரும் வேறு. ஆதலால் அங்கே வாங்கிய அடுப்பை இங்கே கொண்டுவந்து அப்படியே பூட்டலாம் என்று எண்ணுதல் ஆபத்து.

வாயுவின் குணம் ஒன்றை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று. அது காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து போகாது. நிலத்தோடு படிந்து, தாழ்ந்த மூலைகளிலே தேங்கி நிற்கும். இயல்பாக அதற்கு மணமில்லை. கசிவை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே கெட்ட மணமுள்ள பொருளொன்றைக் கலக்கின்றார்கள். மூட்டுகளிலே சவர்க்கார நீரைப் பூசினால் கசியுமிடத்திலே குமிழி எழும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்போரும் உண்டு; இரண்டாம் முறை பார்க்க அவர்கள் இருக்கமாட்டார்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியிலே இந்நாட்டு வீடுகளில் வாயுவடுப்புகள் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தமையும், கலவையின் விகிதம் மாறியது பற்றி விசாரணை நடந்தமையும் வாசகர் மறந்திரார். மறுவருஷம் வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரத்திலே வரிசை வரிசையாகச் சங்கிலியிட்டுக் கிடந்தன, 12.5 கிலோச் சிலிண்டரின் விலை ஐயாயிரம் ரூபாவை அண்மித்தது. அந்த வருஷத்திலே எங்கள் ஒழுங்கையில் அநேகமாக எல்லா வீடுகளிலும் பழைய அடுப்பு மீண்டும் புகைந்தது.

இதுவரை கேட்டிருந்த பெறாமகன், மழைக்காலம் வந்தால் கரியடுப்பை விறாந்தைக்குள்ளே வைத்துக்கொள்ளலாந்தானே என்று சாதாரணமாகக் கேட்டான். நான் என்னையறியாமல் உரத்துக் கூடாது என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தனர். முப்பது வருஷமாக நான் யாருக்கும் சொல்லாததை அன்று சொன்னேன்.

1993ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். யாழ்ப்பாணத்திலே அப்பொழுது மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய் பொன்னைப்போல. எங்கள் மூத்த மகள் பிறந்து பன்னிரண்டு நாள். மூன்று நாளாக மழை விடவில்லை. தாயும் பிள்ளையும் குளிரிலே நடுங்குகின்றார்களே என்று, ஒரு சட்டி நிறையத் தணல் எடுத்து அறைக்குள்ளே வைத்தேன். சாரல் அடியாமல் யன்னலையும் கதவையும் நன்றாகச் சாத்தினேன். புகை இருக்கின்றதா என்று குனிந்து பார்த்தேன், சிறிதும் இல்லை. புகையில்லாத நெருப்பிலே தீங்கில்லை என்று எண்ணி மனநிறைவோடு வெளியே வந்து படுத்தேன்.

நடுச்சாமத்திலே என் தாயார் பிள்ளையின் அழுகையைக் கேட்கவில்லையே என்று எழுந்தார். பசிக்கு அழவேண்டிய நேரம் கடந்துவிட்டது என்பது அவர் கணக்கு. கதவைத் திறந்து விளித்தார். மனைவி கண்ணைத் திறந்தாள், பேச வரவில்லை. எழும்ப முயன்று விழுந்தாள். தாயார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே முற்றத்துக்கு ஓடினார். சற்று நேரத்துக்குப் பின்னரே அது அழுதது. அந்த அழுகையைப்போல இனிய ஓசையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

காபனோரொட்சைட்டு என்றார் ஆசிரியர், மெதுவாக. நிறமில்லை, மணமில்லை, காற்றுப் போதாமல் கனலும் கரியிலிருந்து தாராளமாக வெளிவருவது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலியோடு பற்றிக்கொள்வது. புகை இல்லாமையே அதன் வஞ்சகம். வாயுவடுப்பையும் அடைத்த இடத்திலே எரித்தால் இதே நஞ்சு உண்டாகலாம். எந்தப் பரணடுப்பும் வானத்தின் கீழ்தான் நிற்கவேண்டும். விறாந்தையிலோ, வாகனக் கொட்டிலிலோ அன்று.

மனைவி அவ்வேளை தேநீர் கொண்டுவந்தாள். நான் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும். ஒன்றும் பேசவில்லை. கிண்ணங்களை வைத்துவிட்டு, இரண்டு முறை இருமி, உள்ளே போனாள்.

மறுநாள் ஞாயிறு. வாதத்தை விட்டு மெய்ப்பாட்டாலே தீர்ப்போம் என்று ஆசிரியர் யோசனை சொன்னார். நான் உண்ணக்கூடிய பொருளாகவே இருக்கட்டும் என்று கத்தரிக்காயைத் தெரிந்தோம். ஒரே செடியிலே காய்த்த காய்களிற் பாதியைச் சிரட்டைத் தணலிலும் பாதியைக் குசினியிலுள்ள வாயுச்சுடரிலும், தோல் கருகி உள்ளே குழையும்வரை சுட்டு, உரித்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் முதற்பாலும் தேசிப்புளியும் ஒரே அளவாகச் சேர்த்து மனைவி சம்பலாக்கினாள். நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு உண்டோம். எது தணலிலே சுட்டது என்று சொல்லவேண்டும்.

நான் ஐயமின்றிச் சொன்னேன். முதற்கிண்ணமே தணல், அந்த மணத்தை அறியாத நாக்கும் ஒரு நாக்கா என்றுகூடச் சொன்னேன். முதற்கிண்ணம் வாயு. தம்பியும் பிழை. ஆசிரியரும் பெறாமகனும் சரி. ஆசிரியர் தாம் குருட்டாம்போக்கிலே சொன்னதாக ஒத்துக்கொண்டார். தோல் கருகுவதனால் வரும் மணமே கத்தரிக்காய்க்கு மணம்; கருக்கியது எந்த நெருப்பு என்று அதற்குத் தெரியாது. கொழுப்புள்ள மீனாக இருந்தால் வேறாக இருந்திருக்கலாம் என்று பெறாமகன் வாதிட்டான். அன்று மாலை பாரைமீனைத் தணலிலே சுட்டு அதனை நிலைநாட்டியும் விட்டானாம். அதற்கு நான் சாட்சியல்லேன்.

கண்ணைத் திறந்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, கதவு நிலையிலே சாய்ந்து நின்ற மனைவி சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, இந்த ஒரு மாதமாய் நீங்கள் சாப்பிட்ட கறியெல்லாம் காஸிலே வைச்சதுதான்."

சிரிப்பு நின்றது.

வாசகருக்கு இதனை விளக்கவேண்டும். எங்கள் வீட்டிலே வாயுவடுப்பு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகின்றது. தேநீருக்கும் பால் காய்ச்சுவதற்கும் மாத்திரமே அது. சோறும் கறியும் விறகடுப்பிலேதான். விறகடுப்பிலே, மண்சட்டியிலே வைத்த கறிக்கு ஈடில்லை என்பது நான் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிவந்த கொள்கை. முந்திய வருஷம் மனைவியின் இருமல் மாறாமல் வைத்தியரிடம் சென்றபோது, சுவாசப்பைக் குழாய்கள் சுருங்கிப்போயின என்றும், இது புகைபிடிப்போருக்கு வரும் நோய் என்றும், வீட்டிலே யார் புகைபிடிக்கின்றார்கள் என்றும் அவர் கேட்டார். ஒருவருமில்லை என்றோம். அடுப்பு என்ன அடுப்பு என்று கேட்டார். அன்றிரவே அவள் வாயுவிலே கறி வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதற்கவளத்தை எடுத்துவிட்டு முகத்தைச் சற்றே சுளித்தேன், அவ்வளவுதான். மறுநாள் விறகடுப்புப் புகைந்தது. விறகுதான் வேண்டும் என்று நான் வாய்திறந்து சொல்லியிருந்தால் அவள் மறுத்துப் பேசியிருப்பாள். சுளித்த முகத்தோடு எவ்வாறு வாதிடுவது?

இந்த ஒரு மாதமாக வெந்நீருக்கென்று கொல்லையடுப்பிலே இரண்டு பொச்சுமட்டையை எரியவிட்டு, கறியை உள்ளே வாயுவிலே வைத்திருக்கின்றாள். அந்தப் புகையைக் கண்டு, விறகடுப்புக் கறி என்றால் இதுவன்றோ என்று நானும் புகழ்ந்து உண்டிருக்கின்றேன். ஒருமுறையல்ல.

"ஒரு நாளைக்கு மீன் சுடுகிறதுக்கு நீங்கள் நாலு பேரும் மூன்று நாளாய் ஆராய்ச்சி. முப்பது வருசமாய் நான் ஊதின அடுப்பைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கேல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனாற்றான் எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள்ளே எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் புகையினால் 2020ஆம் ஆண்டிலே உலகிலே 32 இலட்சம் பேர் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கின்றது என்று ஆசிரியர் பின்னர் என்னிடம் தனியே சொன்னார். அவள் முன்னே சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

தீர்ப்புச் சொல்லவேண்டிய கடமை இருந்தது. அன்று மாலையே சொன்னேன். தம்பியின் ஊர்வீட்டுக்குக் கரியடுப்பு. வருஷத்திலே மூன்று வாரம் வந்து தங்குபவன் அவன். மிகுதி நாளெல்லாம் பூட்டிய வீட்டிலே சிலிண்டரும் இறப்பர்க் குழாயும் கிடந்தால், குழாயை எலி அரிக்கும், ரெகுலேற்றரை உப்புக்காற்று அரிக்கும்; ஈரம் படாத தகரத்திலே இட்ட சிரட்டைக்கரி அப்படியே இருக்கும். ஆனால் மாமரத்தின் கீழ் வேண்டாம். ஆவணிச் சோளகத்திலே ஒரு பொறி பறந்தால் பக்கத்து வளவுக் கிடுகுவேலி முழுதும் போய்விடும். முற்றத்து நடுவிலே, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு வைக்கவேண்டும். கனடா வீட்டிலே இப்பொழுதுள்ள வாயுவடுப்பே இருக்கட்டும். வேலையால் வந்து களைத்து நிற்பவனைத் தணல் பூக்கும்வரை காத்திரு என்று சொல்லுவது நியாயமன்று. கொழுப்புச் சொட்டித் தீ எழும்பிக் கருகிய பகுதியை எவ்வடுப்பானாலும் வெட்டி எறியவேண்டும். அதிலே புற்றுநோயோடு தொடர்புள்ள சேர்வைகள் உண்டு என்பது ஆசிரியர் சேர்த்துக்கொண்ட பின்னிணைப்பு. இருவரும் ஏற்றுக்கொண்டனர்.

மூன்றாம் வீட்டுக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மறுநாட் காலையிலே குசினிக்குள்ளே இருந்த விறகடுப்பை இடிப்பதற்கு அலவாங்கோடு போனேன். மனைவி தடுத்தாள். வெளியே எடுத்து வைத்தால் தைப்பொங்கலுக்கு உதவும் என்றாள். நானும் பெறாமகனும் சேர்ந்து, உடையாமல் பெயர்த்து, கிணற்றடி வேலியோரத்திலே வைத்தோம். குசினிச் சுவரிலே அது இருந்த இடத்துக்கு மேலே முகடுவரை கறுப்பு. மூன்று முறை சுண்ணாம்பு பூசியும் அது முற்றாக மறையவில்லை.

தம்பி புறப்படுவதற்கு முதல்நாள் புதிய கரியடுப்பை மூட்டினோம். எனக்காக அதன் ஒரு பக்கத்திலே மரவள்ளிக்கிழங்கும் சோளனும் வைத்தார்கள். மனைவிக்குக் காற்று வரும் பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டேன். கரி இன்னும் கறுப்பாகவே இருந்தது. பொறுமையில்லாமல் குனிந்து ஊதப்போனேன்.

"ஊதாதேயுங்கோ, அது தானாய்ப் பூக்கும்" என்றாள், கதிரையிலிருந்தபடியே.